இழுப்பதும் பிடிப்பதும்: பனிச் சங்கிலியின் கதை

சென்ற மார்கழியில் ஒரு நள்ளிரவு, என் பழைய மாணவர் ஒருவர் கலிபோர்னியாவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். கணினி அறிவியல் படித்தவர். பகுதி ஒன்று தமிழை மட்டும் என் வகுப்பில் படித்தவர். குரலில் நடுக்கம் இருந்தது. மனைவி, இரண்டு குழந்தைகளுடன் சியரா நெவாடா மலைத்தொடரைக் கடந்து ரீனோ சென்று திரும்பியிருக்கிறார். வழியில் பனி கொட்டத் தொடங்க, இறக்கத்தில் வண்டி சறுக்கிச் சாலையோரப் பனிக்குவியலில் மோதி நின்றிருக்கிறது. யாருக்கும் காயமில்லை. "ஐயா, நாலு சக்கரமும் இழுக்குற வண்டிங்க. ஏத்தத்துல ஒரு இடத்துலகூட திணறலை. எறக்கத்துல எப்படிங்க கைவிட்டுச்சு?" என்று கேட்டார். சங்கிலி வாங்கி வைத்துக்கொள்ளும்படி அங்குள்ள நண்பர்கள் சொல்கிறார்களாம். இத்தகைய வண்டிக்குச் சங்கிலி தேவையா, தேவையென்றால் எதை வாங்குவது, எந்தச் சக்கரத்தில் பூட்டுவது என்பவை அவருடைய அடுத்த கேள்விகள்.

தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க கேள்வி அன்று. முன்பனி, பின்பனி என்று ஆறில் இரண்டு பெரும்பொழுதுகளுக்குப் பனியின் பெயரைச் சூட்டிய மொழி நம்முடையது. ஆனாலும் நாம் பனி என்பது புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியைத்தான். வானிலிருந்து வெண்துகளாக இறங்கி, சாலையை மூடி, சக்கரத்தின் கீழ் இறுகிக் கண்ணாடியாக மாறும் அந்தப் பொருளை நான் கண்ணால் கண்டதில்லை. அன்றிரவு ஆறுதல் சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் அவருடைய கேள்வி என்னை விடவில்லை. இயற்பியல் துறை நண்பரை நச்சரித்தும், கிடைத்ததையெல்லாம் படித்தும் நான் அறிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன். படிக்கத் தொடங்கிய பிறகுதான் இது வாகனப் பழுது பற்றிய கேள்வி மட்டுமல்ல, நூற்றிருபது ஆண்டு வரலாறு கொண்ட கேள்வி என்பது புரிந்தது.

வழுக்கும் தரையில் வண்டியைச் செலுத்துவது எப்படி என்ற சிக்கலுக்கு மனிதர்கள் இரண்டு விடைகளைக் கண்டார்கள். இயந்திரத்தின் விசையை இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் தராமல் நான்குக்கும் பகிர்ந்தளிப்பது ஒரு விடை. சக்கரத்துக்கும் தரைக்கும் இடையிலுள்ள பிடியையே மாற்றுவது மற்றொரு விடை. வியப்பு என்னவென்றால், இவ்விரண்டும் ஓராண்டு இடைவெளியில் பிறந்த உடன்பிறப்புகள். நெதர்லாந்தின் ஸ்பைக்கர் சகோதரர்கள் 1903இல் உருவாக்கிய பந்தய வண்டியே, பெட்ரோல் இயந்திரத்தால் நான்கு சக்கரங்களும் இயக்கப்பட்ட முதல் கார் என்று கருதப்படுகிறது. அதற்கு முன்பே, 1900இல், இளைஞரான ஃபெர்டினாண்ட் போர்ஷே ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு மின்மோட்டாரைப் பொருத்தி ஒரு வண்டி செய்திருந்தார்; அது மின்சார வண்டி. ஸ்பைக்கர் வண்டி இன்றும் ஹேக் நகரின் லூமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் விசை தந்த அதன் வடிவமைப்பாளர்கள், நான்கு சக்கரங்களையும் பிடித்து நிறுத்தும் ஏற்பாட்டையும் சேர்த்தே செய்திருந்தார்கள் என்பது இக்கட்டுரையின் போக்கில் நினைவில் கொள்ளத்தக்கது.

அடுத்த ஆண்டு, 1904 ஆகஸ்ட் 23 அன்று, நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டா என்ற சிற்றூரைச் சேர்ந்த ஹாரி டி. வீட் என்பவருக்கு அமெரிக்கக் காப்புரிமை ஒன்று வழங்கப்பட்டது. அதன் எண் 768,495. காற்றடைத்த டயர்களுக்கான பிடிப்புப் பட்டை என்பது அதன் பொருள். அன்றைய டயர்கள் வழவழப்பானவை. இன்று நாம் காணும் வரிப்பள்ளங்கள் அவற்றில் இல்லை. ஜெர்மனியின் கான்டினென்டல் நிறுவனம் வரிவடிவம் பதித்த டயரை அறிமுகப்படுத்தியதும் அதே 1904இல்தான். சேற்றிலும் பனியிலும் சிக்கிய ஓட்டுநர்கள் கயிற்றையும் கொடிகளையும் டயரில் சுற்றிக்கொண்டு கரையேறுவதைக் கண்டே வீட் இந்த எண்ணத்தை அடைந்தார் என்று சொல்லப்படுகிறது. நம் ஊர்க் களிமண் சாலையில் மாட்டிக்கொண்ட லாரியின் சக்கரத்தடியில் வைக்கோலையும் சாக்கையும் திணிப்பவரின் அறிவும் அதே அறிவுதான். வீட் அதை இரும்பில் எழுதினார்.

அவர் செய்தது எளிய பொருள். டயரின் உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்றாக இரண்டு வளையச் சங்கிலிகள். அவற்றை இணைத்து, டயரின் முகத்தின் மேல் ஏணிப்படிகள் போலக் குறுக்கே ஓடும் சிறு சங்கிலிகள். இதில் நுட்பம் ஒன்று உண்டு. சங்கிலி டயரோடு இறுகப் பிணைக்கப்படுவதில்லை. டயரிலிருந்து கழன்றுவிடாத அளவுக்கு இறுக்கமாகவும், ஓட ஓட டயரின் மேல் மெல்ல நகர்ந்து இடம் மாறும் அளவுக்குத் தளர்வாகவும் அது இருக்கிறது. ஒரே இடத்தில் கட்டிவைத்தால் அந்த இடத்து ரப்பர் அறுந்துபோகும். நகர்வதனால் தேய்மானம் முழு டயருக்கும் பகிரப்படுகிறது. கட்டியும் கட்டாமலும் இருக்கும் இந்த நிலைதான் கயிறு சுற்றியவர்களின் உத்தியிலிருந்து சங்கிலியைப் பிரித்துக் காட்டுகிறது. இன்று கடையில் விற்கும் ஏணிவடிவச் சங்கிலியை வீட் பார்த்தால் தன் பிள்ளையை அடையாளம் கண்டுகொள்வார்.

நான்கு சக்கர இயக்கத்தின் வளர்ச்சி அவ்வளவு எளிதாக இல்லை. பின்சக்கரங்களை இயக்குவது எளிது, அவை திரும்புவதில்லை. முன்சக்கரமோ திரும்பவும் வேண்டும், சுழல் விசையைப் பெறவும் வேண்டும். விஸ்கான்சின் மாநிலத்தின் கிளின்டன்வில்லில் பட்டறை வைத்திருந்த ஆட்டோ சாக்கோவும் அவருடைய மைத்துனர் வில்லியம் பெஸர்டிச்சும் இதற்கு ஒரு மூட்டு அமைப்பைக் கண்டு 1908இல் காப்புரிமை பெற்றார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் தொடங்கிய நிறுவனத்தின் லாரிகளை முதல் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் ஆயிரக்கணக்கில் வாங்கின. போர்முனையின் சேறு நான்கு சக்கர இயக்கத்துக்குப் பள்ளிக்கூடமாயிற்று. பெஸர்டிச் பின்னர் 1917இல் ஆஷ்காஷ் லாரி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். இரண்டாம் உலகப் போரில் ஜீப் வந்தது. அந்த ஜீப்புகளும் பனிக்காலத்தில் நான்கு சக்கரங்களிலும் சங்கிலி பூட்டி ஓடின. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று அந்தக் காலத்துப் படைவீரர்கள் நினைக்கவில்லை. அந்த நினைப்பு பிற்பாடு வந்தது.

அது வந்த வழியில் இரண்டு ஊர்களைப் பார்க்கவேண்டும். முதலாவது ஜப்பானின் செண்டாய். வடகிழக்கு ஜப்பானில் மின்சாரம் வழங்கும் தோஹோகு மின்நிறுவனத்தின் தலைமையகம் அங்கே இருக்கிறது. பனிபடர்ந்த மலைகளில் மின்கம்பிகளைச் சோதிக்கச் செல்லும் அதன் ஊழியர்கள் ஜீப்புகளைப் பயன்படுத்தி வந்தார்கள். குளிரும் குலுக்கலும் தாங்கமுடியாதவை. கார் போன்ற வசதியோடு ஜீப்பைப் போலப் பனியில் போகும் வண்டி ஒன்று வேண்டும் என்று அந்நிறுவனம் கேட்க, அப்பகுதியின் சுபாரு விற்பனையாளரின் பட்டறையில் சாதாரணச் சரக்கு வேன் ஒன்றுக்கு நான்கு சக்கர இயக்கம் பொருத்தப்பட்டது. பின்சக்கர அச்சுக்கு வேறொரு நிறுவனக் காரின் உறுப்பையே எடுத்துப் பொருத்தினார்கள். 1971இல் உருவான அந்தச் சில வண்டிகளின் வழியே 1972 செப்டம்பரில் சுபாரு லியோன் நான்கு சக்கர இயக்க எஸ்டேட் வேன் விற்பனைக்கு வந்தது. மலையடிவார ஊர்களின் விவசாயிகளும் மருத்துவர்களும் ஆசிரியர்களும் வாங்கக்கூடிய விலையில் கிடைத்த நான்கு சக்கர இயக்கம் அதுவே எனலாம்.

இரண்டாவது, ஆஸ்திரியாவின் டுராக்கர் ஹோஹே என்னும் கணவாய். ஜெர்மனியின் ஆவுடி நிறுவனப் பொறியாளர் யோர்க் பென்சிங்கர், 1977ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பின்லாந்தின் பனியில் சோதனை ஓட்டத்தில் இருந்தார். அங்கே 75 குதிரைத் திறன் மட்டுமே கொண்ட இல்டிஸ் என்னும் ராணுவ வண்டி, அதைவிட அதிக ஆற்றல் வாய்ந்த முன்சக்கர இயக்கக் கார்களை எளிதாக முந்திச் செல்வதைக் கண்டார். அதன் விளைவாக எழுந்த மாதிரி வண்டியை 1978 ஜனவரியில் இந்தக் கணவாய்க்குக் கொண்டுவந்தார்கள். நூற்றுக்கு 23 என்ற சரிவு கொண்ட சாலை. கோடைக்கால டயர்கள், சங்கிலி கிடையாது. வண்டி ஏறிவிட்டது. நிறுவனத்தின் மேலாளர்கள் மலைத்துப்போனார்கள். 1980 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் குவாட்ரோ என்ற பெயரோடு அது உலகுக்கு அறிமுகமாயிற்று.

இடையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த மாதிரி வண்டியில் முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தன. திருப்பத்தில் முன்சக்கரங்கள் செல்லும் வட்டம் பெரிது, பின்சக்கரங்களின் வட்டம் சிறிது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழல முடியாது. நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் ஃபெர்டினாண்ட் பியெஹின் மனைவி வியன்னா நகருக்குள் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, திருப்பும்போது வண்டி துள்ளுகிறது என்றாராம். அந்தக் குறையைத் தீர்க்க, இரு அச்சுகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு டிஃபரன்ஷியல் வந்தது. உட்துளை கொண்ட தண்டின் வழியே விசையை முன்னும் பின்னும் அனுப்பும் நேர்த்தியான அமைப்பு அது. ராணுவச் சேற்றில் பிறந்த உத்தி, கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கப் போகும் வண்டிக்குள் நுழைந்தது இப்படித்தான்.

1986இல் அதே நிறுவனம் எடுத்த விளம்பரப் படம் இன்றும் பேசப்படுகிறது. பின்லாந்தின் கைபோலா என்னும் இடத்திலுள்ள பனிச்சறுக்குத் தாவல் மேடையின் செங்குத்தான சரிவில் ஒரு கார் கீழிருந்து மேலாக ஏறுகிறது. பார்ப்பவர் மனத்தில் பதிவது நான்கு சக்கர இயக்கத்தின் வல்லமை. அந்தக் காரின் டயர்களில் இரும்பு முட்கள் பதிக்கப்பட்டிருந்தன என்பது அவ்வளவாகப் பதிவதில்லை. பகிர்ந்தளித்த விசையை வாங்கிக்கொள்ளத் தரையில் பிடி வேண்டும் என்பதை அதை எடுத்தவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

என் மாணவரின் கேள்விக்கான விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. இயற்பியல் நண்பர் ஒரு தாளை எடுத்துச் சில கணக்குகளைப் போட்டுக் காட்டினார். டயருக்கும் காய்ந்த தார்ச்சாலைக்கும் இடையிலான உராய்வெண் சுமார் 0.8. இறுகிய பனியில் அது 0.2 அல்லது 0.3. பனிக்கட்டியில் 0.1 ஆகவும் குறையலாம். டுராக்கர் ஹோஹேயின் 23 விழுக்காட்டுச் சரிவில் ஏறுவதற்கு, வண்டியின் முழு எடையும் இயங்கும் சக்கரங்களின் மேல் இருந்தால் 0.23 உராய்வெண் போதும். இரண்டு சக்கரங்கள் மட்டும் இயங்கி, எடையில் பாதியளவே அவற்றின் மேல் இருந்தால் அதைப்போல இரு மடங்கு வேண்டும். ஆகவே இறுகிய பனியில் நான்கு சக்கர வண்டி ஏறிவிடும், மற்றது நின்ற இடத்திலேயே சுழலும். விளம்பரங்கள் சொன்னதில் பொய்யில்லை.

இப்போது அதே வண்டி அதே சரிவில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உராய்வெண் 0.3. அதில் முக்கால் பங்குக்கு மேல் வண்டி தானாக உருண்டு ஓடாமல் தாங்குவதிலேயே செலவாகிவிடுகிறது. மிஞ்சிய சிறு பகுதிதான் வேகத்தைக் குறைக்கப் பயன்படுகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதித்தால் நிற்பதற்கு ஏறத்தாழ 50 மீட்டர் ஆகும். காய்ந்த சமதரையில் அதே வேகத்துக்கு ஐந்து மீட்டர் போதும். சமதரையிலேயே 50 கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த சாலையில் 12 மீட்டரில் நிற்கும் வண்டி, உராய்வெண் 0.2 உள்ள பனியில் 49 மீட்டரும், பனிக்கட்டியில் 98 மீட்டரும் ஓடிய பிறகே நிற்கும். ஓட்டுநர் சுதாரிக்கும் நேரம் இதில் சேரவில்லை.

இந்தக் கணக்குகளில் எத்தனை சக்கரங்கள் இழுக்கின்றன என்ற எண் எங்குமே வரவில்லை என்பதை நண்பர் சுட்டிக்காட்டினார். 1920களுக்குப் பிறகு நான்கு சக்கரங்களிலும் பிரேக் வைப்பது பரவலான வழக்கமாகிவிட்டது. அதாவது, நிறுத்துவதைப் பொறுத்தவரை எல்லாக் கார்களுமே நான்கு சக்கரக் கார்கள்தான். விலையுயர்ந்த வண்டிக்கு அங்கே தனிச் சலுகை இல்லை. எடை கூடுதலாக இருந்தாலும் உராய்வு விதி இரக்கம் காட்டுவதில்லை. இதைவிடக் கொடியது வேறொன்று உண்டு. சக்கரம் சுழன்று நகர மறுக்கும் இரண்டு சக்கர இயக்க வண்டி, பாதை வழுக்குகிறது என்பதை மலையடிவாரத்திலேயே ஓட்டுநருக்குச் சொல்லிவிடுகிறது. நான்கு சக்கர வண்டி அந்த எச்சரிக்கையை விழுங்கிவிடுகிறது. எவ்விதத் திணறலும் இன்றி உச்சிக்குக் கொண்டுபோய், முதல் இறக்கத்தில்தான் உண்மையைச் சொல்கிறது. என் மாணவருக்கு நேர்ந்தது இதுதான்.

சட்டங்கள் இந்த உண்மையை எவ்வாறு எதிர்கொண்டன என்பது சுவையான பகுதி. என் மாணவர் கடந்த மலைவழி டோனர் கணவாயை ஒட்டியது. 1846-47 பனிக்காலத்தில் அங்கே சிக்கிக்கொண்ட குடியேறிகள் கூட்டத்தில் ஏறத்தாழப் பாதிப் பேர் பட்டினியாலும் குளிராலும் மாண்டார்கள். எஞ்சியவர்களில் சிலர் இறந்தோரின் உடலை உண்டு உயிர்வாழ்ந்த துயரக் கதை அமெரிக்க நினைவில் நீங்காதது. 1952 ஜனவரியில் அதே மலையில் சிட்டி ஆஃப் சான் பிரான்சிஸ்கோ என்னும் ரயில் 226 பேரோடு மூன்று நாள் பனியில் புதைந்து கிடந்தது. இன்று சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் அங்கே நான்குவழிக்கு மேற்பட்ட நெடுஞ்சாலை ஓடுகிறது. பனிநாட்களில் கலிபோர்னியா அரசு மூன்று நிலைகளில் கட்டுப்பாட்டை அறிவிக்கிறது. இரண்டாம் நிலையில் எல்லா வண்டிகளும் சங்கிலி பூட்டவேண்டும். நான்கு சக்கரங்களிலும் பனிக்கேற்ற டயர் உள்ள நான்கு சக்கர இயக்க வண்டிக்கு மட்டும் விலக்கு. ஆனால் அந்த வண்டியும் சங்கிலியைக் கையோடு எடுத்துச் செல்லவேண்டும். மூன்றாம் நிலையில் யாருக்கும் விலக்கில்லை. அந்த நிலை அரிதாகவே அறிவிக்கப்படுகிறது. அதற்கு முன்பே பெரும்பாலும் சாலையை மூடிவிடுகிறார்கள்.

ஐரோப்பாவில் ஒரே மலைத்தொடரின் இரு பக்கங்களிலேயே விதிகள் வேறுபடுகின்றன. ஜெர்மனியில் நீல வட்டத்துக்குள் சங்கிலி பூட்டிய டயர் வரைந்த பலகை நிற்கும் இடத்தில் நான்கு சக்கர வண்டியும் சங்கிலி பூட்டியே ஆகவேண்டும். சங்கிலியோடு மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. சுவிட்சர்லாந்தில் பலகையின் கீழே விலக்கு என்று தனியாக எழுதியிருந்தால் மட்டுமே நான்கு சக்கர வண்டி சங்கிலியின்றிச் செல்லலாம். ஜப்பானின் அனுபவம் இன்னும் அண்மையது. 2018 பிப்ரவரியில் ஃபுகுய் மாநிலத்தின் தேசிய நெடுஞ்சாலை எட்டில் சுமார் 1,500 வண்டிகள் பனியில் சிக்கிக்கொண்டன. அந்த ஆண்டு டிசம்பரில் நாடெங்கும் 13 மலைப்பகுதிச் சாலைகளைக் குறித்து, கடும்பனி எச்சரிக்கையின்போது சங்கிலி பூட்டாத எந்த வண்டியும் அங்கே செல்லக்கூடாது என்று விதி செய்தார்கள். பனிக்கால டயரோ நான்கு சக்கர இயக்கமோ அங்கே சாக்காகாது. சாதாரண மக்களுக்கு நான்கு சக்கர இயக்கத்தைக் கொடுத்த நாடே, அரை நூற்றாண்டுக்குள், அது மட்டும் போதாது என்று சட்டத்தில் எழுதியது.

மூன்றாவது விடையாக ஒன்று வந்து போனதையும் சொல்லிவிடவேண்டும். டயரில் நிலையாக இரும்பு முள் பதித்துவிட்டால் பூட்டவும் கழற்றவும் வேண்டாமே என்பது அந்த எண்ணம். பின்லாந்து போன்ற நாடுகளில் அது இன்றும் வாழ்கிறது. ஆனால் பனியில்லாத நாளிலும் முள் சாலையைக் கிழித்துக்கொண்டே இருக்கிறது. ஜெர்மனி 1975இல் அதைத் தடைசெய்தது. செண்டாய் நகரில் 1980களில் முள் டயர்கள் அரைத்தெறிந்த தார்த்தூசி பனிக்கால வானத்தையே மங்கச் செய்தது. மூச்சுத்திணறலும் அழுக்கும் தாளாமல் மக்கள் இயக்கம் நடத்தினார்கள். 1990இல் நாடு தழுவிய சட்டமே வந்தது. நான்கு சக்கரக் காருக்குத் தொட்டிலான அதே செண்டாய்தான் முள் டயருக்குப் பாடை கட்டியது. சங்கிலியின் சிறப்பு இங்கே விளங்குகிறது. தேவையான பத்து மைலுக்கு மட்டும் இருந்து, பிறகு கழற்றி மூட்டையில் போகக்கூடியது அது.

இனி, தெரிந்தெடுப்பது பற்றி. முதலில் வாங்கவேண்டியது சங்கிலி அன்று. வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் படிக்கவேண்டும். சில வண்டிகளுக்குச் சங்கிலியே கூடாது என்று அதில் இருக்கும். இன்றைய கார்களில் சக்கரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள உறுப்புகளுக்கும் இடையே உள்ள வெளி மிகக் குறுகியது. தடித்த சங்கிலி பிரேக் குழாயையோ தாங்குதண்டையோ அறுத்துவிடும். இதற்காகவே அமெரிக்காவில் எஸ் வகுப்பு என்று ஒன்றை வரையறுத்திருக்கிறார்கள்: டயரின் முகத்துக்கு மேலே சுமார் 37 மில்லிமீட்டர், பக்கவாட்டில் சுமார் 15 மில்லிமீட்டர் இடைவெளி மட்டுமே உள்ள வண்டிக்கும் பொருந்தக்கூடிய ஒல்லியான சங்கிலிகள் அவை. ஐரோப்பாவில் ஆஸ்திரியத் தரக்குறி நெடுங்காலம் வழிகாட்டியது. 2020இல் பொதுவான ஐரோப்பியத் தரமும் வந்துவிட்டது. அடுத்து, டயரின் பக்கச்சுவரில் உள்ள எண்வரிசை முழுவதும் சங்கிலிப் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகவேண்டும். அகலம் ஒத்து, விட்டம் ஒவ்வாத சங்கிலி கழன்று சுற்றிக்கொள்ளும்.

வடிவத்தில் இரண்டு வகைகள் முதன்மையானவை. வீட் செய்த ஏணிவடிவம் மலிவானது. நேராக இழுப்பதில் வல்லது. ஆனால் இரண்டு குறுக்குப் படிகளுக்கு நடுவே வெறும் ரப்பர் தரையைத் தொடும் கணங்களில் பிடி விட்டுவிட்டு வருகிறது; பக்கவாட்டுச் சறுக்கலை அது சரியாகத் தடுப்பதில்லை. சாய்சதுரங்களாகப் பின்னிய வடிவத்தில் ஏதேனும் ஒரு கண்ணி எப்போதும் தரையில் இருக்கிறது. இறக்கத்துக்கும் திருப்பத்துக்கும் அதுவே உகந்தது. இரும்புக்கயிற்றால் ஆனவையும் துணியுறை போன்றவையும் உண்டு. குறுகிய இடைவெளியுள்ள வண்டிக்கும் அவசரத்துக்கும் அவை உதவும், நெடுந்தூரம் தாங்கமாட்டா.

கடினமான கேள்வி, எந்த அச்சில் என்பது. முன்சக்கர இயக்க வண்டிக்கு முன்னும் பின்சக்கர இயக்க வண்டிக்குப் பின்னும் என்று சொல்லிவிடலாம். நான்கும் இயங்கும் வண்டிக்கு? முன்னே மட்டும் பூட்டினால் திருப்பும் சக்கரங்கள் பிடிக்கும். ஆனால் இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போது முன்பகுதி நிற்க, பிடியற்ற பின்பகுதி வீசிச் சுழலக்கூடும். பின்னே மட்டும் பூட்டினால் வண்டி உந்தப்படும். ஆனால் திருப்புவளையத்தைச் சுழற்றினாலும் முன்சக்கரம் நேரே வழுக்கிச் செல்லக்கூடும். நான்கிலும் பூட்டுவதே முழுமையான விடை. போர்க்கால ஜீப்புகளின் விடையும் அதுதான். ஒரு சோடிதான் இயலும் என்றால் கையேட்டின் சொல்லே இறுதி. சுபாரு தன் கார்களுக்கு முன்சக்கரங்களைச் சொல்கிறது, பி.எம்.டபிள்யூ. தன் நான்கு சக்கர இயக்கக் கார்கள் பலவற்றுக்குப் பின்சக்கரங்களைச் சொல்கிறது. விசையின் பெரும்பங்கு எங்கே செல்கிறது, இடைவெளி எங்கே இருக்கிறது என்பவற்றைப் பொறுத்து அமைந்த முடிவுகள் அவை. நண்பரின் வண்டிக்குச் சரியானது நம் வண்டிக்குத் தவறாகலாம். ஒரு சக்கரத்தில் மட்டும், அல்லது குறுக்காக ஒன்றும் ஒன்றுமாகப் பூட்டுவது ஒருபோதும் கூடாது.

இவற்றையெல்லாம் கடிதமாக எழுதி மாணவருக்கு அனுப்பினேன். பூட்டும் பழக்கத்தை வீட்டு வாசலில், காய்ந்த தரையில், பகல் வெளிச்சத்தில் செய்துபார்க்கவேண்டும் என்றும், பூட்டிச் சிறிது தூரம் ஓட்டிய பின் இறங்கி மீண்டும் இறுக்கவேண்டும் என்றும், தார்ச்சாலை தெரிந்தவுடன் கழற்றிவிடவேண்டும் என்றும் சேர்த்து எழுதினேன். எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கிலி பூட்டிய வண்டியும் சறுக்கும். சறுக்கும் தூரம்தான் குறைகிறது. வேகத்தைக் குறைக்கும் வேலையை எந்தக் கருவியும் நமக்காக முழுமையாகச் செய்துவிடாது.

இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. வாசலில் நிற்கும் வண்டி. முன்சக்கரத்தருகே முழந்தாளிட்ட தந்தை. கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு மூத்த பெண். கையுறைகளைத் தலையில் மாட்டிக்கொண்டு இளையவன். முதல் முறை பூட்ட நாற்பது நிமிடமும் நான்காம் முறை ஒன்பது நிமிடமும் ஆயினவாம். படத்தின் கீழே ஒரு வரி: "ஐயா, சங்கிலிக்குத் தளைன்னு ஒரு சொல் உண்டுன்னு யாப்பு நடத்தும்போது சொன்னீங்க. சீரைச் சீரோட சேர்க்கிறது தளைன்னும் சொன்னீங்க. அப்ப விளங்கலை."

அன்று வகுப்பில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தளை என்றால் கட்டு, விலங்கு என்றே நாம் பொருள் கொள்கிறோம். யாப்பில் அது ஒரு சீர் அடுத்த சீரோடு பொருந்தி நடக்க உதவும் பிணைப்பு. அது தட்டினால் ஓசை தடுமாறும். வண்டியைக் கட்டிப்போடுவதற்காகச் சங்கிலி பூட்டுவதில்லை, அது நிதானமாக நடப்பதற்காகத்தான் என்று அவருக்குப் பதில் எழுதினேன். அடுத்த மாதம் மீண்டும் அதே கணவாயைக் கடக்கப்போகிறார்கள். வீடு வந்து சேர்ந்ததும், எந்நேரமானாலும், எனக்கு அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.